உட்கார மாட்டேன்

நாகலூர் பஸ்ஸில் பாதி சீட்டு காலி. கல்லூரிக்காரி கீர்த்தனா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மிளகுக்கொடியெல்லாம் பனி. கடைசி சீட்டடியில் காலி பால் கேன் உருள்கிறது. ஏற்காட்டில் போட்ட பென்சிலின் ஊசி இடுப்புக்குக் கீழே கல்லாய்க் கனக்கிறது. மூட்டுக் காய்ச்சல் திரும்பி வந்து இதயத்தைக் கெடுத்துவிடாமல் இருக்க மூன்று வாரத்துக்கொரு ஊசி. “நல்லாத்தான இருக்கற கண்ணு, ஊசி எதுக்கு?” என்கிறார் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டு மாதம்மாள். “நல்லாவே இருக்கறதுக்குத்தானுங்க அத்தை.” “இப்படி ஊசியும் கையுமா திரிஞ்சா எவன் கட்டுவான்?” கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்துகிறார். மொத்தப் பஸ்ஸும் பதிலுக்குக் காத்திருக்கிறது. “ஊசிக்குப் பயப்படாதவன் கட்டட்டுமுங்க.” வளைவில் பஸ் சாய்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள்தான் ஒருவர்மேல் ஒருவர் சரிகிறார்கள். கீர்த்தனா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.