அக்காவின் அளவு

ஜாக்கெட்டின் கடைசிக் கொக்கியும் மாட்டிவிட்டது.

அவள் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். மார்பிலும் முதுகிலும் பிடிக்கவில்லை.

நாளை தம்பிக்குக் கல்யாணம். வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை. அளவு ஜாக்கெட் அனுப்பச் சொல்லி அவளிடமும் கேட்டிருந்தார்கள். பழகாத வீட்டுக்கு அனுப்ப அவளுக்குக் கூச்சம். அக்கா தமயந்தியின் அளவிலேயே தைத்து வைத்துவிட்டார்கள். துணிச்சல்தான்.

எட்டு மாதக் குழந்தையிலேயே பூனா அத்தைக்குத் தத்துப் போனவள் அவள்.

இங்கே இட்லி. அங்கே சப்பாத்தி. முப்பது வருஷம்.

அவளுக்கு வலது தோள் கொஞ்சம் தாழ்வு. பூனாவில் எந்தத் தையல்காரருக்கும் அது பிடிபட்டதில்லை. ஜாக்கெட் அந்தப் பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும்.

இது நழுவவில்லை.

அப்படியானால், அக்காவுக்கும்!

கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சிரித்தாள்.

கைப்பகுதி மட்டும் இறுக்கம். தினம் இருபது சப்பாத்திக்கு மாவு பிசைந்த கை. அது பிறப்பில் வந்ததில்லை, அவளே சம்பாதித்தது.

வந்து இரண்டு நாளாகிறது. பெற்ற அம்மா அவளைப் பாயில் உட்காரவிடவில்லை. நாற்காலி போட்டாள். சாப்பிட்ட தட்டை எடுக்கவிடவில்லை. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாலே பதறினாள்.

"வந்த எடத்துல நீ ஏம்மா கஷ்டப்படுத?"

வந்த இடம். நேற்று அதைக் கேட்டு, குளியலறையில் போய் அழுதாள்.

சேலையையும் கட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே கூடத்து ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். வெளியே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதுகில் பளாரென்று ஓர் அடி விழுந்தது.

"ஏட்டி தமயந்தி, அம்புட்டுக் காயும் அரியாமக் கெடக்கு. இங்க என்ன வேடிக்க?"

அவள் திரும்பவில்லை.

குனிந்த தலையோடு நேரே அடுப்படிக்குப் போனாள். அரிவாள்மணை முன் உட்கார்ந்து கேரட்டை எடுத்தாள்.

பின்னாலேயே வந்த அம்மா அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். அடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் அரிந்துகொண்டே இருந்தாள். யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற அவசரம்.

அம்மா குனிந்தாள். பிடுங்கத்தான் குனிந்தாள். தட்டிலிருந்த துண்டுகளில் கண் போயிற்று. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அவியலுக்கு இப்படிப் பொடிப்பொடியாவாட்டி அரிவாங்க? வெரல் நீளத்துக்கு அரி, மூதி."