பிபாத்தாவின் நடை

"செத்துப்போனவளோட துணியக் கட்டிக்கிட்டு அவ குழந்தை முன்னாடியே கூத்தடிக்கிறான். நீங்க பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே டீச்சர்?"

சேனாமி மேடம் என்னைப் பிடித்து உலுக்காத குறைதான். எங்கள் மழலைப் பள்ளியைப் பார்க்க கோட்டனூவிலிருந்து வந்தவர். கடலோரத்துக்காரர். எங்கள் யாக்கோ பக்கத்து வழக்கம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

உண்மையைச் சொன்னால், வழக்கம் தெரிந்த எனக்கே இது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை என்றால் நாங்கள் வகுப்பறையைத் திறப்பதே இல்லை. வேப்பமரத்தடியில் குழந்தைகள் கடை போடுவார்கள். மண் உருண்டை, புளிய இலை, உடைந்த சுரைக்குடுவை, எல்லாமே சரக்குதான். அம்மா அப்பாக்கள் கூழாங்கல்லைக் காசாக எடுத்துக்கொண்டு வாங்க வரவேண்டும். பேரம் பேசியே தீரவேண்டும். கணக்கும் வரும், வாயும் வளரும்.

கிப்சாவும் கடை போட்டிருந்தாள். நாலு வயது. அவள் அம்மா பிபாத்தா, குழம்புக்குப் போடுகிற சும்பலா உருண்டையைச் சந்தையில் விற்றவள். வயிற்றில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, மழைக்கு முன்னால் போய்விட்டாள். அதிலிருந்து இந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. மண்ணை உருட்டி வரிசையாக வைப்பாள். யாராவது வாங்க வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிடுவாள்.

அன்று காலை அவள் அப்பா தாசெரே என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"டீச்சர், இன்னிக்கும் இவ விளையாடலேன்னா, திங்கக்கிழமை எல்லை தாண்டி அபிஜான்ல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடறேன். என்னால இவ மூஞ்சியப் பார்க்க முடியல."

தாயை இழந்த பிள்ளை, இனி தகப்பனையும் விட்டுப் போகவேண்டுமா? வேண்டாமப்பா என்று கெஞ்சிப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்தபடி மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸெர்போ வந்தான். சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன். அவன் மகனும் எங்களிடம்தான் படிக்கிறான்; கிப்சா விளையாட மாட்டேன் என்கிறாள் என்று முந்தின நாள்தான் அப்பாவிடம் சொன்னானாம்.

அவன் சாமோ, நாங்கள் மோசி. இரண்டு கூட்டத்துக்கும் பரம்பரைக் கேலி. என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு மோசி செத்தால், செத்தவரைப் போலவே உடுத்தி, நடந்து, பேசி, அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பதும் சாமோவின் வேலை. ஸெர்போவும் பிபாத்தாவும் சந்தையில் ஒரு நாள் திட்டிக்கொள்ளாவிட்டால் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது. ஆனால் அவள் சாவு வீட்டில் அந்த மனுஷன் மூலையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனான். இதைக்கூடச் செய்யாதவன் என்ன சிநேகிதன் என்று ஊரே காறித் துப்பியது.

அப்படிப்பட்டவன் இப்போது பிபாத்தாவின் மஞ்சள் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, இடது தோளைச் சாய்த்து, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வருகிறான்.

அது பிபாத்தாவேதான்.

ஸெர்போ நேராகக் கிப்சாவின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு மண் உருண்டையை எடுத்து மோந்து பார்த்தான்.

"இது சும்பலாவா, கழுதைச் சாணியா? ரெண்டு கல்லு தரேன். அதுவும் உன் மூக்கு அழகுக்காக."

அதே குரல். சேனாமி மேடம் பாய்ந்து போகப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கிப்சா முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். ஸெர்போ எழுந்து, வேண்டாம் போ என்பது போல நாலு அடி நடந்து, கழுத்தை மட்டும் திருப்பி நாக்கைச் சொடுக்கினான். பேரத்தில் பிபாத்தா செய்வது.

கிப்சா திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நீ அம்மா இல்ல. ஸெர்போ மாமா."

எத்தனை மாதம் கழித்துக் கேட்கிற குரல். தாசெரே வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஆமா," என்றான் ஸெர்போ.

"தெரியும். இன்னொரு தடவ நட."

அவன் நடந்தான். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணீர் வழிந்தது. பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அஞ்சு கல்லுக்கு ஒன்றுகூடக் குறையாது என்று கறாராகச் சொன்னாள். பக்கத்துக் கடைப் பிள்ளைகள் தங்கள் சரக்கை விட்டுவிட்டு அவளிடம் வாங்க ஓடிவந்தார்கள். நாலு வயசுப் பிஞ்சுக்குள் இவ்வளவா என்று நான் மலைத்து நின்றுவிட்டேன்.

ஆனாலும் சேனாமி மேடத்துக்கு ஆறவில்லை. வேலியோரம் துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தவனிடம் போனார். குழந்தை சிரித்ததால் சரியாய்ப் போயிற்று, பயந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், சாவு வீட்டில் செய்யாததை இங்கே வந்து செய்ய யார் உனக்கு அனுமதி தந்தது என்று கேட்டார்.

ஸெர்போ தலை நிமிரவில்லை.

"அவதான் மேடம். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே, 'கழுதைத் தலையா, என் நடை இப்படியாடா இருக்கும்?'னு திட்டித் திட்டிப் பழக்கினா. 'சாவு வீட்டுல செஞ்சு வீணாக்காத. பெரியவங்க அழுதுட்டுப் போகட்டும். என் பொண்ணு என்னிக்கு விளையாட மாட்டேன்னு உட்கார்றாளோ, அன்னிக்கு என்னைக் கூட்டிக்கிட்டு வா'ன்னா."