டைனமோ வெளிச்சம்

சைக்கிளில் சிப் பொருத்திய பிறகு, ஓட்டுநரில்லாத கார்கள் இருட்டிலும் மரியதாஸைக் கண்டு ஒதுங்கின. வெளிச்சம் அவற்றின் கேமராவைக் குழப்புகிறதென்று பெரம்பூரில் தெருவிளக்குகளைக் கழற்றினார்கள். சைக்கிள் விளக்குக்கும் தடை.

முன்பெல்லாம் அவருடைய டைனமோ வெளிச்சம் தெருமுனையில் திரும்பியதும், மாடியில் காத்திருக்கும் மனைவி ஸ்டெல்லா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். வெளிச்சம் மங்கலாக வந்தால் மனுஷனுக்கு மிதிக்கத் தெம்பில்லை என்று அர்த்தம். அன்றைக்கு ஒரு தோசை கூடுதல்.

இப்போது அவர் கதவைத் தட்டினால்தான் தெரிகிறது.

ஒரு மழைக்கால மாலையில் தெருமுனையில் மங்கலாக வெளிச்சம் திரும்பியது. கார்களெல்லாம் திகைத்து நின்றன.

"ஏங்க, வண்டியைப் பிடுங்கிக்குவாங்க!" என்று ஸ்டெல்லா மாடியிலிருந்து கத்தினாள்.

"காருக்கெல்லாம் நான் தெரியுறேன். உனக்குத் தெரிய வேணாமா?"

அவள் உள்ளே போய் ஒரு தோசைக்குக் கூடுதலாக மாவு எடுத்தாள்.