ஒரு சாண் உயரத்தில்

"ஏம்மா, பெட்டியை ஒரு சாண் தூக்கிட்டு அப்படியே நிறுத்துறியே, மேலே அனுப்ப நல்ல நேரம் பாக்குறியா?"

கீழே சரக்கு முற்றத்திலிருந்து மேலாளர் வாக்கிடாக்கியில் கத்தினார்.

"என் கை வழக்கம் சார்" என்றாள் கிரேன்காரம்மா, உயரக் கூண்டிலிருந்து.

அவள் தலையில் மூளை அலையைப் பதிகிற, ஒயர் கோத்த பட்டை. பக்கத்தில் மடிக்கணினியோடு ஆராய்ச்சிக்காரப் பெண். தானே யோசித்துச் சுமை தூக்கும் கிரேன்கள் வரப்போகின்றன. அதற்காக மனுஷ மூளை யோசிக்கிற விதத்தைப் படிக்க வந்தவள்.

"உன்னைப் பார்த்துப் புதுக் கிரேனும் தூங்கி வழியும். அந்த வழக்கத்தை விடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"வேலையை வேணா எடுத்துக்குங்க. இதை விட மாட்டேன்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லே! நீ சேர்ந்த அன்னிக்கே கேட்டேன், பொம்பளைக்கு எதுக்குக் கிரேன்னு!"

அவள் கொக்கியை இறக்கினாள். கீழே ஆட்கள் அடுத்த பெட்டிக்குத் தூக்குப் பட்டை மாட்டினார்கள். மேலாளர் கடிகாரமும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றார்.

பெட்டி ஒரு சாண் எழுந்தது. நின்றது.

டமால்!

ஒரு பக்கப் பட்டை நழுவி, பெட்டி அவர் காலடியில் உட்கார்ந்தது. புழுதிதான் கிளம்பியது. இதே பெட்டி தலைக்கு மேலே போயிருந்தால்?

மேலாளருக்கு வேர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. வாக்கிடாக்கியில் வந்த குரல் பாதியாக இளைத்திருந்தது.

"அம்மா... அந்த நிறுத்தம் இருக்கட்டும். எல்லாப் புதுக் கிரேன்லயும் அதைப் போடச் சொல்லுங்க. எவன் வேணாம்னாலும் விடாதீங்க. நாளைக்கு நீங்களும் வந்துடுங்க."

ஆராய்ச்சிக்காரப் பெண் வாக்கிடாக்கியை அணைத்தாள். "அக்கா, இங்கே பாருங்க. பெட்டி நிக்கிறப்போ மட்டும் உங்க மூளைக் கோடு ஏணி வச்ச மாதிரி ஏறுது. அப்போ என்ன யோசிப்பீங்க? பட்டையா? எடையா? காத்தா?"

"அதெல்லாம் இல்லடி கண்ணு."

"பின்னே? மெஷினுக்குச் சொல்லித் தரணுமே!"

கிரேன்காரம்மா கீழே குனிந்து பார்த்தாள். மேலாளர் பெட்டிமேல் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கோ. 'பொம்பளைக்கு எதுக்குக் கிரேன்னா கேட்டே, கட்டையில போறவனே? பாருடா இப்போ!' சேர்ந்த நாள்லேருந்து, பெட்டிக்கு ஒரு திட்டு!"