கழுத்தில் பட்ட மூச்சு

எஸ்டேட் பாட்டுக் குழுவுக்கு அமிர்தநாதன் எழுதிய பாட்டு, சித்திரபுரத்தில் எல்லோர் போனிலும் ஓடியது. ‘கழுத்தில் பட்ட உன் மூச்சு இன்னும் சுடுகிறதே’ என்ற வரி வரும்போதெல்லாம் அவன் மனைவி இன்பமேரிக்கு உள்ளுக்குள் குடைந்தது.

“போன மழையில எழுதினேன்னு சொல்றீங்க. அப்ப நான் திருப்பூர்ல வேலைக்குப் போயிருந்தேன். அது யாரு மூச்சு?”

“விடு மேரி.”

“பைபிள்ல கை வச்சுச் சொல்லுங்க.”

அவன் பைபிள்மேல் கை வைத்தான்.

“உங்கப்பாவுக்கு முடியாமப் போன அன்னைக்கு மண்ணு சரிஞ்சு வண்டி வரல. அவர முதுகுல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். பாதி வழியிலேயே மூச்சு நின்னுபோச்சு. உன்கிட்டதான் ஆஸ்பத்திரியில இறந்தாருன்னு சொல்லிட்டேன்.”

“அப்புறமும் தூக்கிட்டா நடந்தீங்க?”

“இறக்கி வைக்க மனசு வரல.”