வெற்றிடம் இழுக்கிறது

"அண்ணா, மறுபடியும் டபுள்!"

ஸ்நேகா கத்தியும் ஆய்வக டெக்னீஷியன் வெங்கி நிமிரவில்லை. கருவியின் மேல் குனிந்திருந்தான்.

உள்ளே இரண்டு காந்தத் தகடுகள். நடுவே வெற்றிடம். அணுவளவுக் காந்தங்கள் உறைகுளிரிலும் ஓய்வதில்லை. அந்தக் குவாண்டம் துடிப்பு தகடுகளை ஒன்றையொன்று லேசாக இழுக்கும். அதை அளப்பதுதான் ஸ்நேகாவின் ஆராய்ச்சி. இன்று இழுப்பு கணக்கைவிட இரு மடங்கு. நிஜமென்றால் கண்டுபிடிப்பு, பிழை அச்சேறினால் நாலு வருட உழைப்பும் கேலி. மாலைக்குள் கட்டுரையை அனுப்பச் சொல்லியிருந்தார் பேராசிரியர் சேஷன்.

"ஒண்ணுமே இல்லாத இடம் இவ்வளவு இழுக்குமா?"

"ஒண்ணும் இல்லைன்னு நாமதான் சொல்றோம்."

"அச்சா, தத்துவம் போதும். பேப்பர் போனதும் சரோஜினி நகர்ல பார்ட்டி. அண்ணியைக் கூட்டிட்டு வரணும். நீங்க லேப்ல சேர்ந்து மூணு மாசமாச்சு, கண்ணுலயே காட்டலை."

"அவ வரமாட்டா."

"சண்டையா?"

"இல்லை."

வெங்கி தண்ணீர் குடிக்க வெளியே போனான். திரையில் கோடு சரிந்து கணக்கோடு ஒட்டியது. திரும்பி வந்து குனிந்தான். ஏறியது.

ஸ்நேகாவின் முகம் மாறியது.

"அண்ணா... இழுக்கறது தகடு இல்லை. நீங்க."

"வாட்ச், பெல்ட், போன் எல்லாம் வாசல் தட்டுல வெச்சுட்டேனே."

"பாக்கெட்?"

"காலி."

"நல்லா யோசிங்க, ப்ளீஸ். இப்படியே அனுப்பிட்டா நான் காலி."

வெங்கி கழுத்துவரை ஏற்றிவிட்ட ஸ்வெட்டருக்குள் கையை விட்டபடி வாசலுக்குப் போனான். வெறுங்கையோடு வந்து, மறுபடி குனிந்தான்.

கோடு ஏறவில்லை.

"பச் கயே! தப்பிச்சோம்!" ஸ்நேகா மூச்சு விட்டாள். "கணக்கு சொன்ன அதே இழுப்பு. இது போதும் எனக்கு. அப்படி என்னதான் மாட்டிட்டு இருந்தீங்க?"

"தங்கம்தானே, காந்தத்துக்கு அது ஒண்ணும் பண்ணாதுன்னு விட்டுட்டேன். ஊக்கை மறந்துட்டேன்."

"ஆம்பளைக்கு எதுக்கு ஊக்கு?" சிரித்துக்கொண்டே போய்த் தட்டை எட்டிப் பார்த்தாள்.

அவன் கைக்கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு தாலிக்கொடி. புடவைக்கென்று எப்போதோ ஒருத்தி அதில் கோத்துவைத்த இரண்டு ஊக்குகள், துருவேறி, அப்படியே தொங்கின.