கையில் கட்டிய பேர்

நிர்மலா புருஷனுக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள். "பேரு இன்னா?"

"தங்கதுரை."

"வயசு?"

"நாப்பத்தாறு."

"நாப்பத்தொம்பதுங்க. எத்தினி வாட்டி சொல்றது?"

"ஆபரேஷனுக்கு முன்னாடியே கெழவனாக்கிட்டியேடி."

"அப்பா பேரு?"

"சின்னராசு. அத மட்டும் தூக்கத்துல கேட்டாலும் தப்பில்லாம சொல்லுவேன்."

தியேட்டருக்குள் போகுமுன் மூன்று பேர் தனித்தனியாகப் பேர் கேட்பார்கள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். கையிலும் பேர் எழுதிய பட்டை கட்டியாயிற்று. ஆள் மாறிவிடக் கூடாதாம்.

இரைப்பையில் புற்று. கரும்பு வெட்டும் கூலிக்காரர். காப்பீட்டு அட்டை இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாது. அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். அதற்காகத் தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை அலைந்தார்கள். இடஒதுக்கீடு கேட்டு மனு கொடுக்க ஊரே திரண்டு நின்றதில், கையெழுத்துப் போடுகிறவரைக் கண்ணால்கூடப் பார்க்க முடியவில்லை.

"இன்னும் தள்ளிப்போட்டா அறுக்கிறதுல பிரயோஜனம் இல்ல" என்றார் டாக்டர். அந்த வாரமே அட்டைக்கு ஒரு வழி பிறந்தது.

நர்ஸம்மா ஃபைலோடு வந்தார். "எந்த ஊசியாவது ஒத்துக்காம போயிருக்கா?"

நிர்மலா முந்திக்கொண்டாள். "ஆமாங்க. கல்வராயன் மலையில மரவள்ளி புடுங்கப் போனப்ப கால்ல சீழ் வெச்சிது. அதுக்கு ஊசி போட்டதும் மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சே வுட முடியல. நாலு வருசம் ஆவுது."

நர்ஸம்மா பக்கங்களைப் புரட்டினார். "போன வருஷம் குடலிறக்கத்துக்கு இங்கதானே ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு? சீழ் பிடிக்காம இருக்கப் போடுற ஊசி அப்பவும் போட்டிருக்கே. நல்லாத்தானே வீட்டுக்குப் போனாரு?"

நிர்மலா வாயைத் திறந்தாள். கட்டிலில் இருந்தவர் அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார்.

"ஆமாங்க" என்றாள் அவள். "வேற யாரையோ நெனச்சிக்கினு சொல்லிட்டேன்."

ஸ்ட்ரெச்சர் உள்ளே போய் அரை மணிகூட ஆகவில்லை. டாக்டரே வெளியே வந்தார்.

"வயித்துல கத்தியே வைக்கலம்மா. ஊசி ஏறினதும் மூச்சு அடைச்சிடுச்சு. எவ்வளவோ பாத்தோம்."

நிர்மலா சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். வாய்விட்டு அழப் போனவள், முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

நர்ஸம்மா காகிதத்தை நீட்டினார். "அட்டையில பேர் இருக்கிற சம்சாரம் யாரு? இதுல கையெழுத்துப் போடணும்."

நிர்மலா எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ஓரகத்தி ஜெயம்மாளின் தோளைத் தொட்டாள். வாசல் தூணோரம், செத்துப்போன தம்பியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தங்கதுரை நின்றிருந்தார்.

"போங்கக்கா. பேப்பர்ல எங்க வூட்டுக்காரரு உசுரோடதான் இருக்காரு."